வானலையில் வந்ததை வைத்துக்கொள்ளலாமா?

வானொலியாயினும் தொலைக்காட்சியாயினும், அலை வடிவில் வந்து நம் வீட்டுக் கூரைக் கம்பியைத் தொடும் எதற்கும் ஓர் இயல்பு உண்டு. வந்த கணத்திலேயே அது போய்விடுகிறது. நூல் அலமாரியில் நிற்கும். செய்தித்தாள் பழைய தாள் கடைக்குப் போகும் வரையிலாவது வீட்டில் கிடக்கும். ஒலிபரப்பும் ஒளிபரப்பும் அத்தகையன அல்ல. ஏழு மணிச் செய்தியை ஏழேகால் மணிக்கு வீடு திரும்பியவர் கேட்க இயலாது. இந்தக் குறையைப் போக்க மனிதன் செய்த கருவிகளின் வரலாற்றையும், அக்கருவிகளால் எழுந்த ஒரு நெடிய வழக்கின் வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

கதை பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றது. அங்கே கூரையில் ஓர் ஆண்டெனாவை நாட்டினால் போதும்; மிகுதெளிவுத் தொலைக்காட்சி, அதாவது எச்.டி. ஒளிபரப்பு, மாதக் கட்டணம் எதுவுமின்றி வந்து சேரும். அதனை ஒரு டிஜிட்டல் பெட்டியில் பதிந்து வைத்து, வேண்டும்போது பார்க்கும் வழக்கம் எண்ணற்ற இல்லங்களில் உண்டு. பார்வைக்கு இது மிக எளிய செயல். ஆயினும் இதற்குள் இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, இன்று பார்க்க இயலாததை நாளை பார்த்துவிட்டு அழிப்பது. மற்றொன்று, பார்த்த பின்னும் அழியாமல் வைத்துக்கொள்வது. சட்டம் முன்னதற்கு இடம் கொடுத்தது. பின்னதைப் பற்றி அது இன்றளவும் தெளிவாகப் பேசியதில்லை. நாம் சொல்ல வந்த செய்தி இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

முதன்முதலாக ஒளிபரப்பின் காலத்தை மாற்றியவர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர், ஒளிபரப்பாளர்களே. அமெரிக்காவின் கீழ்க்கரைக்கும் மேல்கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. நியூயார்க்கில் மாலைச் செய்தி வாசிக்கும் வேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் அலுவலகத்தில் இருப்பர். ஆதலால் திரையில் தோன்றும் படத்தைத் திரைப்படச் சுருளில் எடுத்து, அவசர அவசரமாகக் கழுவி, மூன்று மணி நேரம் கழித்து மேல்கரைக்கு ஒளிபரப்பினர். படம் மங்கலாக இருந்தது, செலவோ பெரிது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிகாகோவில் கூடிய ஒளிபரப்பாளர் மாநாட்டில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் காந்த நாடாவில் படத்தைப் பதியும் பொறியைக் காட்டினர். அதன் விலை ஏறத்தாழ 50,000 டாலர். நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனம் டக்ளஸ் எட்வர்ட்ஸ் வாசித்த மாலைச் செய்தியை ஹாலிவுட்டில் நாடாவில் பதிந்து, மேல்கரை மக்களுக்குத் தாமதித்து ஒளிபரப்பியது. பிற்காலத்தில் வீட்டுக்காரர் மீது குற்றமாகச் சாட்டப்பட்ட காலப் பெயர்ப்பு, நிலையத்தாரின் சொந்தக் கண்டுபிடிப்பாகத்தான் பிறந்தது. ஆங்கிலத்தில் 'டைம் ஷிப்ட்' என வழங்குவதற்கு மொழிபெயர்ப்பை ஒட்டிக் காலப் பெயர்ப்பு என்னும் சொல்லை நாம் இங்கு ஆள்கிறோம்.

நாடா விலையுயர்ந்தது. ஒரு சுருளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. ஆனால் அதனை அழித்து மறுபடியும் பயன்படுத்தலாம். இந்த வசதியே வினையாயிற்று. நேற்றைய நிகழ்ச்சியின்மேல் இன்றைய நிகழ்ச்சியை எழுதினர். 1967ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நடந்த முதலாவது 'சூப்பர் பௌல்' கால்பந்தாட்டத்தை அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டில் ஒன்றேனும் அதன் முழுப் பதிவைப் போற்றி வைக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ராண்டன் நகரத்தில் ஒருவர் தாம் பணிபுரிந்த இடத்துப் பொறியில் அதனைப் பதிந்திருந்தார். நெடுங்காலம் பரணில் கிடந்த அந்த நாடாக்கள் 2005ஆம் ஆண்டளவில் வெளிவந்தன. நியூயார்க்கில் உள்ள பேலி ஊடக நிலையத்தார் அவற்றைச் செப்பம் செய்தனர். ஆட்டத்தின் சில பகுதிகள் அவற்றிலும் இல்லை. அதன் பின்னர் எழுந்த பூசல் விந்தையானது. நாடா பதிந்தவரின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாடாவில் உள்ள காட்சியோ ஆட்டத்தை நடத்திய கழகத்தைச் சேர்ந்தது என்று அக்கழகம் வாதிட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருளை வைத்திருப்பவர் அதனை விற்கவும் இயலவில்லை, காட்டவும் இயலவில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். பி.பி.சி. தன் பழைய நாடாக்கள் பலவற்றை அழித்தது. 'டாக்டர் ஹூ' என்னும் தொடரில் 1960களில் வந்த பல பகுதிகளுக்கு இன்று படம் இல்லை. எனினும் அவற்றின் ஒலி முழுவதும் நமக்குக் கிடைத்துள்ளது. அந்நாளைய இளைஞர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே ஒலிப்பதிவுப் பொறியை வைத்து, தம் மகிழ்ச்சிக்காகப் பிடித்துவைத்த ஒலி அது.

அழிவதை அழியாமல் காப்பதே நோக்கமாகக் கொண்டு முதலில் எழுந்தவர் ஓர் ஆயுள் காப்பீட்டுத் தொழிலாளர் என்பதை நேயர்கள் வியப்புடன் கேட்கலாம். டென்னஸீ மாநிலத்து நாஷ்வில் நகரைச் சேர்ந்த பால் ஸிம்ப்ஸன் என்பவர் 1968ஆம் ஆண்டு நியூயார்க்குக்குச் சென்று, ஒளிபரப்பு நிறுவனங்களைப் பார்வையிட்டார். மாலைச் செய்தியின் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று வினவினார். ஏறத்தாழ இரண்டு வாரம் என்ற விடை கிடைத்தது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. கோடிக்கணக்கான மக்கள் இரவுதோறும் கண்டு தம் கருத்தை அமைத்துக்கொண்ட செய்தி, பதினைந்து நாளில் இல்லாமற் போகிறது. நாளிதழுக்கோ ஒவ்வொரு நூல் நிலையத்திலும் கோப்பு இருக்கிறது. இந்த முரண்பாடு அவர் மனத்தை உறுத்தியது. தாம் பயின்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை அணுகினார். பணம் திரட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் முதல் மூன்று நிறுவனங்களின் மாலைச் செய்தியும் நாஷ்வில்லில் வானலையிலிருந்தே பிடித்துப் பதியப்பட்டன. தேர்தல் முடியும் வரை நடத்திப் பார்க்கலாம் என்று தொடங்கிய பணி, அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்தது.

இது சி.பி.எஸ். நிறுவனத்துக்கு உவப்பாக இல்லை. 1973ஆம் ஆண்டு அது பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. எமது செய்தியை எம் ஒப்புதலின்றிப் படியெடுத்து, ஆராய்வோருக்குக் கடனும் கொடுக்கிறீர்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. தான் வைக்காததைப் பிறர் வைத்ததற்காக வழக்கிட்ட இந்தச் செயலை நம்மால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை; எனினும் அன்றைய சட்டத்தின்படி நிறுவனத்தின் கட்சி வலுவற்றது என்றும் கூறிவிட முடியாது. தீர்ப்பு வருமுன்னரே சட்டம் மாறியது. டென்னஸீ மாநிலத்து செனட்டர் ஹோவர்ட் பேக்கரின் முயற்சியால், 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 108ஆம் பிரிவில் ஒரு விலக்கு நுழைந்தது. ஒலி ஒளிச் செய்தியை நூல் நிலையங்கள் படியெடுத்துக் குறைந்த அளவில் கடன் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். வழக்கு கைவிடப்பட்டது. வைத்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அதுவும் நூல் நிலையத்துக்கே அன்றி, இல்லத்துக்கு அன்று.

இல்லத்தின் கதை 1975இல் தொடங்குகிறது. ஜப்பானைச் சேர்ந்த ஸோனி நிறுவனம் அவ்வாண்டு பீட்டாமாக்ஸ் என்னும் பதிவுப் பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் முதலில் அது தொலைக்காட்சியோடு இணைந்த பெரிய மரப் பேழையாக விற்கப்பட்டது. மறு ஆண்டு தனிப் பெட்டியாக ஏறத்தாழ 1,300 டாலருக்கு வந்தது. ஒரு நாடா ஒரு மணி நேரமே ஓடும். இக்கருவியின் பயனை மக்களுக்கு விளக்க ஸோனியின் தலைவர் அகியோ மொரிதா பெரிதும் முனைந்தார். காலப் பெயர்ப்பு என்னும் கருத்தைப் பரப்பியவர் அவரே. ஒரே நேரத்தில் வரும் இரண்டு துப்பறியும் தொடர்களுள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதியலாம் என்று ஒரு விளம்பரம் எழுந்தது. விளம்பரத்தில் குறித்த 'கோஜாக்', 'கொலம்போ' ஆகிய இரண்டு தொடர்களும் யூனிவர்சல் படநிறுவனத்துக்கு உரியவை. வம்பு அங்கே பிறந்தது.

1976ஆம் ஆண்டு நவம்பரில் யூனிவர்சலும் வால்ட் டிஸ்னி நிறுவனமும் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் ஸோனியின் மீது வழக்குத் தொடுத்தன. வீட்டில் பதிபவர் பதிப்புரிமையை மீறுகிறார்; அதற்குக் கருவி செய்து கொடுத்தவரே பொறுப்பாளி என்பது வாதம். யூனிவர்சலின் தாய் நிறுவனம் அக்காலத்தில் தானும் ஒரு கருவியைத் தோற்றுவித்துக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அது படத்தட்டு, வாங்கிய படத்தைக் காட்டும், எதனையும் பதியாது.

வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்தது. 1979இல் நீதிபதி பெர்குஸன், வீட்டுப் பதிவு நியாயமான பயன்பாடே என்று ஸோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1981இல் மேல்முறையீட்டு மன்றம் அதனைப் புரட்டியது. இடையில் கருவிகள் விற்றுக்கொண்டே இருந்தன. 1982இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றிய படத்தொழில் சங்கத் தலைவர் ஜாக் வாலென்ட்டி, பாஸ்டன் நகரில் பெண்களைக் கழுத்து நெரித்துக் கொன்ற கொலைகாரனோடு இந்தப் பதிவுப் பெட்டியை ஒப்பிட்டுப் பேசினார். இதற்கு மறுபக்கத்தில் ஒரு மென்குரலும் ஒலித்தது. குழந்தைகளுக்காக நிகழ்ச்சி நடத்திவந்த பிரெட் ரோஜர்ஸ் சாட்சி சொன்னார். வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் நிகழ்ச்சியைப் பதிந்து, குழந்தையோடு அமர்ந்து பார்க்க வசதியான நேரத்தில் பார்ப்பதில் தமக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை என்றார். பந்தாட்டக் கழகங்கள் சிலவும் தமக்குத் தடையில்லை என்றன. வீட்டுப் பதிவை எல்லா உரிமையாளரும் வெறுக்கவில்லை என்பதற்கு இந்தச் சாட்சியங்கள் சான்றாயின.

உச்ச நீதிமன்றம் 1983 ஜனவரியில் வாதத்தைக் கேட்டது. முடிவு கூறாமல் அக்டோபரில் மறுபடியும் கேட்டது. இடையில் நடந்தது நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. பிற்காலத்தில் வெளியான நீதிபதிகளின் குறிப்புகளால், முதலில் பெரும்பான்மை படநிறுவனங்களின் பக்கமே இருந்தது என்பது புலனாயிற்று. 1984ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐவர் ஒரு பக்கம். நால்வர் மறு பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். முதற்கண் பெரும்பான்மைக்காக எழுதத் தொடங்கிய பிளாக்மன் மாறுபட்ட தீர்ப்பை எழுதும்படி ஆயிற்று. இல்லங்களில் பெரும்பாலோர் பிறகு பார்ப்பதற்காகவே பதிகின்றனர். இலவசமாகப் பார்க்க அழைக்கப்பட்ட ஒன்றை வேறு வேளையில் பார்ப்பது நியாயமான பயன்பாடு. நேர்மையான பயன் மிகுதியாக உள்ள ஒரு கருவியை விற்பது குற்றம் ஆகாது என்பன தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை மக்களின் முழு வெற்றி என்று கொண்டாடுவோர் உளர். சற்று நுணுகிப் பார்த்தல் நலம். மன்றம் ஏற்றுக்கொண்டது காலப் பெயர்ப்பை. அலமாரி நிறைய நாடாக்களைச் சேர்த்து வைப்பதை அது நியாயம் என்றும் கூறவில்லை, குற்றம் என்றும் கூறவில்லை. அந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிட்டது.

கொலைகாரன் என்று தூற்றப்பட்ட பெட்டி படத்தொழிலைக் கொல்லவில்லை. அதே பத்தாண்டு முடிவதற்குள் வீட்டு நாடாக்களால் ஹாலிவுட்டுக்கு வந்த வருவாய், கொட்டகை வருவாயை விஞ்சியது. ஸோனியின் நிலைதான் இரங்கத்தக்கது. வழக்கில் வென்ற பீட்டாமாக்ஸ், நீண்ட நேரம் ஓடிய வி.எச்.எஸ். முறையிடம் கடையில் தோற்றது.

நம் நாட்டிலும் 1980களில் இந்தப் பெட்டி வந்தது. தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த நம்மவருக்கு அதன் அருமை தனி. ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் முறைவைத்து வரும். தமிழின் முறை பல வாரத்துக்கு ஒரு தடவை. அன்று வெளியூர் செல்ல நேர்ந்தவருக்கு இழப்பு பெரிது. சென்னை நிலையத்தின் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தில்லிக்கும் பம்பாய்க்கும் எட்டாத காலத்தில், ஊரிலிருந்து உறவினர் பதிந்து கொண்டுவந்த நாடா கையிலிருந்து கைக்கு மாறிற்று. காலப் பெயர்ப்போடு இடப் பெயர்ப்பும் அங்கே நிகழ்ந்தது.

இனி டிஜிட்டல் யுகத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் புதிய ஒளிபரப்பு முறையை ஏற்றது. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் ஏறத்தாழ 480. புதிய முறையில் 1,080 வரை உயர்ந்தன. ஆறு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அதே பழைய வழியில், நொடிக்கு 19.39 மெகாபிட் எண்கள் ஓடுகின்றன. அதாவது படம் இப்போது அலையின் சாயலாக வருவதில்லை. எண்களின் வரிசையாக வருகிறது. இதனால் பதிவுத் தொழிலில் ஒரு பெரும் மாறுதல் ஏற்பட்டது. பழைய நாடா படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் போன்றது; ஒவ்வொரு படியிலும் மங்கும். புதிய பெட்டி எதனையும் வரையவில்லை. வந்த எண்களை வந்தபடியே தட்டில் எழுதிக்கொள்கிறது. திருப்பிக் காட்டும்போது மூலத்துக்கும் படிக்கும் இம்மியும் வேற்றுமை இல்லை. கம்பிவழியும் செயற்கைக்கோள்வழியும் வரும் நிகழ்ச்சிகளைப் பலவேளைகளில் மறுபடியும் சுருக்கி அனுப்புவதால், கூரைக் கம்பியில் பிடித்த படமே தெளிவில் மேலானது என்று ஆண்டெனாக்காரர்கள் பெருமை பேசுவது வெறும் வீம்பு அன்று.

தட்டில் பதியும் வீட்டுப் பெட்டிகள் 1999இல் டீவோ, ரீப்ளே டி.வி. என்னும் இரண்டு பெயர்களில் வெளிவந்தன. நேரலையாக வரும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, தேநீர் அருந்திவிட்டு வந்து தொடரலாம். தொடரின் பெயரைச் சொன்னால் ஒவ்வொரு வாரமும் அதுவே பதிந்துகொள்ளும். ஆயினும் அவை அன்றைய பழைய ஒளிபரப்பைத்தான் உள்ளே சுருக்கி எழுதின. டீவோவின் முதல் பெட்டியில் ஏறத்தாழ 13 கிகாபைட் இடம். பதினான்கு மணி நேரம் கொள்ளும் என்று விற்றனர். வானில் வரும் எச்.டி. ஒளிபரப்பின் முழு ஓட்டத்தை எழுதினால் மணிக்கு ஏறத்தாழ 8.7 கிகாபைட் வேண்டும். அந்தப் பெட்டியில் ஒன்றரை மணி நேரமே அடங்கும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு டெராபைட் தட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்குகிறது. நிலையங்கள் ஒரே வழியில் பல நிகழ்ச்சிகளைப் பங்கிட்டு அனுப்புவதால், நடைமுறையில் இன்னும் மிகுதியாகவே அடங்கும்.

ரீப்ளே டி.வி. ஒரு படி மேலே சென்றது. 2001இல் வந்த அதன் பெட்டி விளம்பரங்களைத் தானே தாண்டியது. பதிந்ததை வேறொரு வீட்டுப் பெட்டிக்கு அனுப்பவும் செய்தது. இலவசத் தொலைக்காட்சிக்குக் கூலி கொடுப்பது விளம்பரமே அன்றோ? படநிறுவனங்களும் ஒளிபரப்பாளரும் ஒருங்கே வழக்கிட்டனர். தீர்ப்பு வருமுன் அதன் உடைமையாளரான ஸோனிக்ப்ளூ நிறுவனம் 2003இல் நொடித்தது. வழக்கின் சுமையும் அதற்கு ஒரு காரணம்.

மூலத்துக்கு ஒப்பான படி என்றவுடன் உரிமையாளருக்கு அச்சம் மிகுந்தது. ஒளிபரப்போடு கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியைச் சேர்த்து அனுப்புவது, அந்தக் குறியைக் கண்டால் பெட்டி நிகழ்ச்சியைத் தடையின்றிப் பரப்ப இடங்கொடாமல் இருப்பது என ஒரு திட்டம் உருவாயிற்று. 'ஒளிபரப்புக் கொடி' எனப்பட்ட இதனை ஆணையம் 2003 நவம்பரில் விதியாக்கியது. 2005 ஜூலை முதல் நாளுக்குப் பின் செய்யும் பெட்டிகள் யாவும் இதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. எதிர்த்து நீதிமன்றம் சென்றோருள் முதல்வர், அமெரிக்க நூல் நிலையச் சங்கத்தார். வாண்டர்பில்ட் வழக்கை நினைவிற் கொண்டவருக்கு இது வியப்பளிக்காது. 2005 மே 6ஆம் நாள் வாஷிங்டன் மேல்முறையீட்டு மன்றம் விதியைத் தள்ளியது. ஒளிபரப்பை ஆளும் அதிகாரமே ஆணையத்துக்கு உண்டு. அலை வீட்டை அடைந்த பின் பெட்டிக்குள் நடப்பதை ஆளும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை என்பது காரணம். கெடு நாளுக்கு எட்டு வாரமே எஞ்சியிருந்தது. இன்று கடையில் வாங்கும் ஒரு சிறு பதிவுப் பெட்டி வானலையைத் தடையின்றிப் பதிகிறதென்றால், அதற்கு அடித்தளம் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு மட்டுமன்று. இந்த எட்டு வாரமும் ஆகும்.

2009 ஜூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் முழு ஆற்றல் நிலையங்கள் யாவும் பழைய முறையை நிறுத்தின. பழைய தொலைக்காட்சி வைத்திருப்போருக்கு மாற்றுப் பெட்டி வாங்க அரசு குடும்பத்துக்கு இரண்டு வரை 40 டாலர் சீட்டு வழங்கியது. நாடாப் பதிவுப் பெட்டிகள் அன்றிரவு தம் செவிப்புலனை இழந்தன. மாற்றுப் பெட்டியின் துணையின்றி அவற்றால் முழு ஆற்றல் நிலையம் எதனையும் பிடிக்க இயலவில்லை.

கூரையில் கம்பி நாட்ட இயலாத அடுக்கு வீட்டார்க்கு ஒரு வழி கண்டவர் போபாலிலிருந்து சென்ற சைதன்ய கனோஜியா. அவருடைய ஏரியோ நிறுவனம் 2012இல் நியூயார்க்கில் தொடங்கியது. நாணயம் அளவான ஆண்டெனாக்கள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒன்று. பதிவும் அங்கேயே நடக்கும். படம் இணையவழி வீட்டுக்கு வரும். ஆண்டெனாவையும் பெட்டியையும் வீட்டில் வைத்தால் குற்றமில்லை, நீண்ட கம்பியின் மறுமுனையில் வைத்தால் மட்டும் குற்றமா என்று அவர்கள் கேட்டனர். 2014 ஜூன் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், குற்றமே என்றது. இது கம்பிவழி நிறுவனத்தின் தொழிலை ஒத்திருக்கிறது என்பது பெரும்பான்மையின் கருத்து. அவ்வாண்டு நவம்பரில் ஏரியோ நொடித்தது. பதிவுப் பெட்டி வீட்டுக்குள் இருக்கும் வரையில்தான் அதற்குப் பாதுகாப்பு என்பது இதனால் விளங்கிற்று.

இந்நிலையில், வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒரு பெண்மணி செய்த பணியை நாம் கூறாமல் விடலாகாது. பிலடெல்பியா நகரில் முன்பு நூலகராக இருந்த மரியன் ஸ்டோக்ஸ், 1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைப்பட்ட செய்தி வந்த காலத்திலிருந்து, செய்தி ஒளிபரப்பை இரவு பகலாகப் பதிந்துவந்தார். பல பெட்டிகள் ஒருங்கே ஓடின. ஆறு அல்லது எட்டு மணிக்கு ஒரு முறை நாடா மாற்ற வேண்டியிருந்ததால், குடும்பத்தின் வாழ்க்கையே அந்த மணிக்கணக்கில் அமைந்தது. வெளியே உணவருந்தச் சென்றாலும் நாடா முடியுமுன் திரும்ப வேண்டும். 2012 டிசம்பரில் அவர் காலமானபோது ஏறத்தாழ 70,000 நாடாக்கள் இருந்தன. அவற்றை இணைய ஆவணக் காப்பகம் ஏற்று, டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும் பணியை மேற்கொண்டது. வாழ்நாளெல்லாம் பலரும் பித்து என்று எண்ணியிருக்கக்கூடிய ஒரு பழக்கம், முப்பத்து மூன்று ஆண்டுச் செய்தி வரலாறாக நிற்கிறது. 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் செய்ததைக் காக்குமா என்றால், காலப் பெயர்ப்பு என்னும் சொல்லுக்குள் அதனை அடக்குவது கடினம்.

பிற நாடுகள் இக்கேள்வியை வேறு வகையில் தீர்த்தன. ஜப்பானில் 2004 முதல் டிஜிட்டல் ஒளிபரப்பை ஒரே முறைதான் பதியலாம். அதிலிருந்து படி எடுக்கலாகாது. மக்களின் முணுமுணுப்புக்குப் பின் 2008 ஜூலையில் பத்து என்று எண்ணிக்கை வைத்தனர்: ஒன்பது படிகள், பத்தாவதில் மூலம் தட்டைவிட்டு நீங்கிவிடும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தின்படி அமைந்த 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தம் சொந்தப் பயனுக்காக ஒருவர் பதிவதை ஒளிபரப்பு உரிமை மீறல் ஆகாது என்கிறது. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று அப்பிரிவு கெடு வைக்கவில்லை. மொழி சுருக்கமானது, அமெரிக்கர் எட்டாண்டு வழக்காடிப் பெற்றதைவிடச் சற்று அகலமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. தூர்தர்ஷனின் கட்டணமில்லா ஃப்ரீ டிஷ் நிகழ்ச்சிகளைப் பிடிக்கும் பெட்டிகள் பலவற்றில், பதிவுக்கென ஒரு சிறு துளை முன்புறமோ பின்புறமோ இருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம்.

அமெரிக்காவில் பழைய கேள்வி புதிய உருவில் திரும்பியிருக்கிறது. 2017 நவம்பரில் ஆணையம் அடுத்த தலைமுறை ஒளிபரப்பு முறைக்கு ஒப்புதல் அளித்தது. கட்டாயமில்லை, விரும்பும் நிலையம் மாறலாம், ஆனால் பழைய டிஜிட்டல் முறையையும் உடன் நடத்த வேண்டும். புதிய முறையில் படம் இன்னும் தெளிவானது; மலைக்கும் கட்டடத்துக்கும் இடையிலும் அலை நன்றாகப் பிடிபடும். கூடவே, ஒளிபரப்பையே பூட்டி அனுப்பும் வசதியும் அதில் உண்டு. 2023 முதல் பல நிலையங்கள் அந்தப் பூட்டைப் போட்டன. ஒளிபரப்புக் கொடிக்குப் பெட்டி கீழ்ப்படிய வேண்டும் என்று அரசு விதி தேவைப்பட்டது. பூட்டுக்கு அது தேவையில்லை. நிலையத்தார் அமைத்த அமைப்பிடம் சாவி பெற்ற பெட்டி மட்டுமே படத்தைத் திறக்கும். எதனைப் பதியலாம், பதிந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் அந்தச் சாவியோடு வரும் நிபந்தனைகள் தீர்மானிக்க இயலும். கணினியோடும் வீட்டு வலையோடும் இணைந்து பழைய முறையில் நன்கு இயங்கிவந்த பதிவுப் பெட்டிகள் சில, பூட்டிய நிலையங்களின் முன் வாளா நின்றன.

2025ஆம் ஆண்டில் ஆணையம், பழைய முறையை உடன் நடத்தும் கட்டாயத்தை நீக்கலாமா என்றும், பூட்டைப் பற்றி என்ன செய்யலாம் என்றும் கருத்துக் கேட்டது. திருட்டைத் தடுக்கவும், விலையுயர்ந்த ஆட்டங்களை இலவச வானலையில் தக்கவைக்கவும் பூட்டு வேண்டும் என்று நிலையத்தார் எழுதினர். பொதுமக்களின் அலைக்கற்றையில் இலவசமாக வருவதற்குப் பூட்டு எதற்கு என்று கேட்டு, கூரையில் ஆண்டெனாவும் மேசையில் பதிவுப் பெட்டியும் வைத்திருக்கும் இல்லத்தார் பலர், தம் பெட்டியின் பெயரையும் அதனை வாங்கிய ஆண்டையும் குறித்து ஆணையத்துக்கு எழுதினர்.